உப்புக்காற்றில் கிராபிக்ஸ் கார்டு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளி, கல்லூரி விடுமுறையும் அக்கினி நட்சத்திரமும் அதே நாட்களில்தான் வரும். கடலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் இளைஞர்கள், விடுமுறை விட்ட மாணவர்கள், வளைகுடாவிலிருந்து வந்த அண்ணன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த புதுக் கிராபிக்ஸ் கார்டு (கணினி விளையாட்டின் படங்களை வரையும் பாகம்), போதாக்குறைக்கு வெயில். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையோர உச்சிப்புளியில் நான் நடத்தும் பழுதுபார்க்கும் கடைக்கு இந்த இரண்டு மாதங்கள்தான் அறுவடை. பாம்பனிலிருந்து வருபவரும் கீழக்கரையிலிருந்து வருபவரும் சொல்வது ஒரே வாக்கியம்: "அண்ணே, கார்டு போய்விட்டது."

பெரும்பாலும் போயிருப்பது கார்டு அல்ல. கார்டைச் சுற்றியிருக்கும் ஏதோ ஒன்று. எங்கோ குளிரூட்டிய அறையில் ஒருவர் சோதித்துச் சொன்ன பிரேம் எண்ணிக்கையை (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கையை) நம்பி, கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைத்த கணினியில் அதே எண்ணிக்கையைத் தேடுகிறார்கள். கிடைக்காதபோது கார்டின் மேல் பழி விழுகிறது. அறிகுறியைச் சரியாகப் பார்த்தால் பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அளவெடுங்கள்

சோதனைக்கு நான் வைத்திருப்பது சைபர்பங்க் 2077. 2020 டிசம்பரில் வந்த விளையாட்டுதான். ஆனாலும் ஒரு கார்டுக்கு மூச்சு வாங்க வைக்க இன்றைக்கும் அது போதும். நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை இடையில் நிறுத்தாமல் வண்டி ஓட்டலாம் என்பதால் கார்டு, பிராசசர், ரேம், சேமிப்பகம் நான்கும் ஒரே நேரத்தில் உழைத்தாக வேண்டும். நாலில் எது நொண்டினாலும் ஆட்டம் நொண்டும். கிராபிக்ஸ் செட்டிங்கிலேயே பெஞ்ச்மார்க் ஓட்டும் வசதி இருக்கிறது. கேமரா ஒரே பாதையில் போய் முடிந்ததும் சராசரி, குறைந்தபட்ச, அதிகபட்ச பிரேம் எண்ணிக்கையைக் காட்டிவிடும்.

ஆனால் அந்த எண்ணிக்கை மட்டும் கையில் இருந்தால் நோய் இருக்கிறது என்று தெரியும். எங்கே என்று தெரியாது. கார்டைக் கண்காணிக்கும் மென்பொருளான எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னரையும் அதனுடன் வரும் ரிவாட்யூனரையும் நிறுவி, திரையின் மூலையில் இவை தெரியும்படி வையுங்கள்: கார்டின் பயன்பாட்டுச் சதவீதம், வெப்பம், ஹாட்ஸ்பாட் (சில்லின் மிகச் சூடான புள்ளி) வெப்பம், கிளாக் (கார்டின் ஓட்ட வேகம்), வாட், கார்டின் நினைவக அளவு, பிராசசரின் ஒவ்வொரு கோரின் (உள்ளிருக்கும் தனித்தனி வேலைப்பகுதியின்) பயன்பாடு, பிரேம் நேர வரைபடம்.

கடைசியில் சொன்ன பிரேம் நேரத்தைத்தான் பலர் கண்டுகொள்வதே இல்லை. நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லி நொடி. 59 பிரேம்கள் ஒவ்வொன்றும் 16 மில்லி நொடியில் ஒழுங்காக வந்து, ஒன்றே ஒன்று மட்டும் 80 மில்லி நொடி இழுத்தால், சராசரி 58-க்குக் குறையாது. கண்ணுக்கு மட்டும் படகு அலையில் மோதியதுபோல் ஒரு குலுக்கல் தெரியும். சராசரி பொய் சொல்லவில்லை. எல்லா உண்மையையும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என் முறை இது. பெஞ்ச்மார்க்கை மூன்று முறை ஓட்டுவேன். முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்து 20 நிமிடம் சாதாரணமாக விளையாடிவிட்டு, சூடு ஏறிய நிலையில் மறுபடி ஓட்டுவேன். குளிர்ந்த ஓட்டத்துக்கும் சூடான ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் எனக்கு முக்கியம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எதிரே நேரத்தையும் அறை வெப்பநிலையையும் நோட்டில் எழுதிக்கொள்வேன். அறையில் ஒரு டிகிரி கூடினால் கார்டிலும் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும். விடியற்காலை 5 மணிக்கு 27 டிகிரியில் எடுத்த கணக்கையும் மதியம் 2 மணிக்கு 37 டிகிரியில் எடுத்த கணக்கையும் ஒப்பிட்டுவிட்டு, புது டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கெடுத்துவிட்டது என்று சொல்பவரோடு எனக்கு வாதாடத் தெம்பில்லை.

இன்னொன்று. பெஞ்ச்மார்க் பாதை விளையாட்டின் மிகக் கடினமான இடம் அல்ல. விளையாட்டு நகரத்தின் கபுகி சந்தையிலோ டாக்டவுனிலோ ஒரு சேவ் வைத்துக்கொண்டு, விளையாட்டுக்குள் ஒரே நேரத்தை அமைத்து, ஒரே தெருவில் ஒரு நிமிடம் நடந்து அளந்தால் உண்மை நிலவரம் தெரியும்.

அது பழுதே இல்லாமலும் இருக்கலாம்

சைபர்பங்கின் 2.0 பதிப்புக்கு விளையாட்டின் நிறுவனமே வெளியிட்ட பட்டியலில், 1080பி திரையில் ஹை செட்டிங்கில் 60 பிரேமுக்கு ஆர்.டி.எக்ஸ். 2060 சூப்பர் பரிந்துரைக்கப்படுகிறது. குறைந்தபட்சமான ஜி.டி.எக்ஸ். 1060 6 ஜி.பி. கார்டுக்கு அவர்கள் சொல்வது லோ செட்டிங்கில் 30 பிரேம்தான். 1060 வைத்துக்கொண்டு ஹை போட்டு 60 வரவில்லை என்றால் அது பழுது அல்ல, ஆசை. அதுபோலவே 2023 ஏப்ரலில் சேர்க்கப்பட்ட பாத் டிரேசிங்கை (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரையும் முறையை) நடுத்தரக் கார்டில் போட்டால் ஆட்டம் நத்தையாகத்தான் ஊரும்.

நண்பனின் கணக்கோடு ஒப்பிடும் முன் அப்ஸ்கேலிங்கும் (சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது) ஃபிரேம் ஜெனரேஷனும் இரண்டு பக்கமும் ஒரே நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரியபட்டினத்துத் தம்பி ஒருவர் தன் நண்பனுக்கு 100 வருகிறது, தனக்கு 55 என்று மனமுடைந்து வந்தார். நண்பனின் கணினியில் ஃபிரேம் ஜெனரேஷன் ஓடிக்கொண்டிருந்தது. கார்டு இடைச்செருகலாக உருவாக்கும் பிரேம்களும் அந்த நூறில் அடக்கம்.

அறிகுறி: தொடக்கத்தில் நன்றாக ஓடும், கால்மணி நேரத்தில் தளரும்

இந்தக் கரையில் நான் அதிகம் பார்ப்பது இதுதான். திரை மூலையைக் கவனியுங்கள். கார்டின் பயன்பாடு 97, 98 என்றே நிற்கும், வெப்பம் ஏறும், கிளாக் படிப்படியாக இறங்கும். என்விடியா கார்டுகள் சூடு ஏற ஏற 15 மெகாஹெர்ட்ஸ் அளவிலான சிறு படிகளாகத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல மாடல்களில் 83 டிகிரியைத் தொட்டால் குறைப்பு கடுமையாகும். ஏ.எம்.டி.யின் அண்மைக்காலக் கார்டுகளில் ஹாட்ஸ்பாட் 110 டிகிரிவரை அனுமதி உண்டு. அங்கே 95 என்று கண்டு பதறத் தேவையில்லை. ஜி.பி.யு.-இசட் மென்பொருளில் பெர்ஃப்கேப் ரீசன் என்ற வரி இருக்கும். என்விடியா கார்டில் அங்கே தெர்ம் என்று வந்தால் வழக்கு முடிந்தது: வெப்பம்.

அடுத்த கேள்வி, வெப்பம் எங்கே அடைபட்டிருக்கிறது என்பது. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை உண்டு. கேபினெட்டின் (கணினிப் பெட்டியின்) பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, வீட்டு டேபிள் ஃபேனை முழு வேகத்தில் அதை நோக்கி வையுங்கள். பத்து நிமிடத்தில் வெப்பம் நன்றாக இறங்கி கிளாக் திரும்பினால் கார்டில் குறை இல்லை. கேபினெட்டுக்குள் காற்று வந்துபோக வழியில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு உள்ளே நான்கு வண்ணங்களில் விளக்கு எரியும் கேபினெட்டுகள் பார்க்க அழகாக இருக்கும். வெந்நீர் அண்டாவும் மூடினால் அழகாகத்தான் இருக்கும்.

டேபிள் ஃபேன் வைத்தும் பெரிதாக இறங்கவில்லை என்றால் கார்டைத் திறக்க வேண்டும். இங்கேதான் நம் ஊர்க் கதை வருகிறது.

மதுரையிலிருந்து வரும் கார்டில் இருப்பது தூசி. ஊதினால் பறக்கும். பாம்பனிலிருந்து வரும் கார்டில் இருப்பது தூசி அல்ல, பசை. போன வருடம் தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஒரு கார்டின் இரண்டு ஃபேன்களையும் கழற்றிப் பார்த்தேன். அலுமினியத் தகடுகளுக்கு இடையே சாம்பல் நிறத்தில் ஒரு படலம், பழைய கம்பளித் துணி மாதிரி நெய்து கிடந்தது. ஊதுகருவியை வைத்தேன், அசையவில்லை. விரலால் தொட்டால் ஈரம். தகடுகளின் ஓரத்தில் வீட்டுச் சுவரில் உப்புப் பூப்பதுபோல வெள்ளையாகப் பூத்திருந்தது. சாமணத்தால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தபோது முழுப் படலமும் ஒரே துண்டாக உரிந்து வந்தது.

காரணம் எளிது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாக நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். மண்டபம், பாம்பன் பக்கம் விடியற்காலையில் 75 என்பது சர்வ சாதாரணம். இரவில் ஈரமாகி ஒட்டிக்கொள்ளும் படலம் பகலில் கார்டின் சூட்டில் காய்ந்து இறுகும்; மறுநாள் இரவு அதன் மேல் இன்னொரு அடுக்கு. வாலிநோக்கத்து உப்பளத்தில் பாத்தி கட்டிச் செய்வதை இங்கே ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் அந்தத் தகட்டுக் கட்டு) தானாகவே செய்துகொண்டிருக்கிறது.

ஆகவே ஊதுகருவியை மட்டும் நம்பாதீர்கள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்றி, மென்மையான புது பெயிண்ட் பிரஷ்ஷை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாகத் தொட்டுத் தகடுகளின் நீளவாக்கில் தேயுங்கள். 99 சதவீத ஆல்கஹாலே வேண்டும். தண்ணீர் கலந்த மலிவுச் சரக்கு உப்பைக் கரைத்து போர்டுக்குள் இறக்கிவிடும். பிறகு ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அதைச் சுழலவிட்டு வேடிக்கை பார்த்தால் பேரிங் போய்விடும்.

ஹாட்ஸ்பாட் வெப்பம் சாதாரண வெப்பத்தைவிட 10 முதல் 20 டிகிரி அதிகமாக இருப்பது இயல்பு. 30-ஐத் தாண்டினால் சில்லுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவிலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வாரன்டி இருக்கும் கார்டு என்றால் அதை நீங்கள் திறக்க வேண்டாம். வாரன்டி முடிந்ததென்றால் பேஸ்ட் மாற்றலாம். ஆனால் நினைவகச் சில்லுகளின் மேலிருக்கும் தெர்மல் பேட் கிழிந்தால் அதே தடிமனில் புதியது வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் சில்லில் சரியாக உட்காராது. முன்பைவிட மோசமாகச் சுடும். இந்தத் தவற்றை நான் ஒருமுறை செய்து, கார்டுக்காரரிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

எல்லாம் செய்த பிறகும் வைகாசி மதியத்தில் சூடு குறையவில்லை என்றால் ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பை) 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். குறைவது சில பிரேம்கள்தான். வெப்பமும் ஃபேன் இரைச்சலும் கண்கூடாகக் குறையும். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 60 பிரேமில் கட்டுப்பாடு போடுவதும் அதே பலனைத் தரும். கணினியை வைக்கும் இடமும் முக்கியம். கச்சான் காலத்தில் தென்கடலைப் பார்த்த ஜன்னலும் வாடைக் காலத்தில் வடகடலைப் பார்த்த ஜன்னலும் கணினிக்கு ஆகாது. ராமேஸ்வரம் தீவில் இருப்பவர்களுக்கு உள்ளறைதான் கதி.

அறிகுறி: முதல் நிமிடத்திலிருந்தே குறைவு, கார்டோ சும்மா இருக்கிறது

கார்டின் பயன்பாடு 50, 60 சதவீதத்தில் நின்றுகொண்டு பிரேமும் குறைவாக இருந்தால், கார்டுக்கு வேலை கொடுக்க ஆளில்லை என்று பொருள்.

சிரிக்கக்கூடிய காரணத்தை முதலில் பார்த்துவிடுங்கள். மானிட்டர் கேபிள் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறதா? தொண்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி கணினியைத் தூக்கி வந்தவரின் பழுது இதுவாக இருந்தது. காசு வாங்க மனம் வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

பிரேம் எண்ணிக்கை 60 அல்லது 30-இல் ஆணி அடித்தாற்போல் நின்றால் வி-சிங்க்கோ (திரையின் வேகத்தோடு பிரேமைப் பூட்டும் வசதி) பிரேம் கட்டுப்பாடோ போடப்பட்டிருக்கிறது. சோதனை முடியும்வரை இரண்டையும் அணையுங்கள்.

அடுத்து பிராசசர். மொத்தப் பயன்பாடு 45 சதவீதம் என்று காட்டுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒவ்வொரு கோராகப் பாருங்கள். ஒன்றிரண்டு கோர்கள் நூறைத் தொட்டிருந்தால் அங்கேதான் நெரிசல். உறுதிப்படுத்த ரெசல்யூஷனைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். பிரேம் கூடவே இல்லையென்றால் கார்டைக் குற்றம் சொல்ல முடியாது. கிரவுட் டென்சிட்டி என்ற செட்டிங்கைக் குறைத்தால் தெருவில் ஆட்கள் குறைவார்கள், பிராசசருக்கு மூச்சு வரும்.

ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தாலும் இதே அறிகுறிதான். 16 ஜி.பி. ஒன்று போடுவதைவிட 8 ஜி.பி. இரண்டு போடுவது மேல். நான்கு துளைகள் உள்ள போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளைகளில் செருக வேண்டும். பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அடிப்படை அமைப்பில்) எக்ஸ்.எம்.பி. (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைந்து கிடந்தால் அதிவேகம் என்று விலை கொடுத்து வாங்கிய ரேம் மந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

மடிக்கணினிக்காரர்கள் சார்ஜர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது கார்டுக்கு அதன் முழு வாட் கிடைக்காது.

அறிகுறி: நின்றால் சரி, வண்டி ஓட்டினால் திக்குகிறது

நகரத்துக்குள் வேகமாகப் போகும்போது மட்டும் பிரேம் நேர வரைபடத்தில் ஊசி ஊசியாக எழும்பினால், புதுத் தெருவின் தரவு வந்துசேரத் தாமதமாகிறது. மூன்று இடங்களில் தேட வேண்டும்.

ஒன்று, சேமிப்பகம். 2.0 பதிப்பிலிருந்து குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்.எஸ்.டி. கேட்கிறார்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் நிறுவியிருந்தால் இதற்குமேல் ஆராயத் தேவையில்லை.

இரண்டு, கார்டின் நினைவகம். 8 ஜி.பி. கார்டில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) உச்சத்தில் வைத்து ரே டிரேசிங்கும் (ஒளிக்கதிர்க் கணக்கீடு) போட்டால் நினைவகம் நிரம்பி, மிச்சம் கணினியின் ரேமுக்கு வழியும். அங்கிருந்து எடுத்துவர நேரமாகும். முதல் பத்து நிமிடம் நன்றாக இருந்து, ஊரெல்லாம் சுற்றியபின் பிரேம் விழுந்து, விளையாட்டை மூடித் திறந்தால் சரியாகிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். வெப்பக் கோளாறோடு இதைக் குழப்பிக்கொள்வார்கள். வேறுபடுத்துவது எளிது: இங்கே வெப்பம் ஏறியிருக்காது. டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்குங்கள். ஆட்டத்தின் நடுவே அந்தச் செட்டிங்கை மாற்ற முடியாது. முதன்மை மெனுவுக்குப் போய்த்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாவது எங்கள் ஊருக்கே உரியது. கார்டு மதர்போர்டில் உட்காரும் துளையில் மொத்தம் 16 பாதைகள் உண்டு. ஜி.பி.யு.-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற வரியைப் பாருங்கள். பக்கத்திலிருக்கும் கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட்டை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது கார்டு தன் தலைமுறை வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அது பழுது அல்ல. எக்ஸ்16 (16 பாதைகளும் திறந்த நிலை) வர வேண்டிய இடத்தில் எக்ஸ்4, எக்ஸ்1 என்று வந்தால் பாதைகள் அடைபட்டிருக்கின்றன. ஆனால் ஆர்.டி.எக்ஸ். 4060, ஆர்.எக்ஸ். 6600 போன்றவை பிறவியிலேயே எக்ஸ்8, ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. எக்ஸ்4. உங்கள் கார்டு எது என்று தெரிந்துகொண்டு பயப்படுங்கள்.

ஏர்வாடியிலிருந்து வந்த ஒரு கணினி எக்ஸ்1-இல் ஓடிக்கொண்டிருந்தது. தரையில், பின்வாசலை ஒட்டி வைத்திருந்தார்களாம். கார்டை உருவிப் பார்த்தேன். அடியிலுள்ள தங்க நிறப் பற்களில் ஐந்தாறு மங்கிப்போய், இரண்டின் விளிம்பில் துலக்காத குத்துவிளக்கில் இருப்பதுபோல் பச்சைக் களிம்பு. தங்கம் களிம்பு பிடிக்காதுதான். ஆனால் அந்தப் பற்களில் இருப்பது மிக மெல்லிய பூச்சு. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் வழியே உப்பு ஈரம் அடியிலுள்ள செம்புவரை இறங்கிவிடும். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். இந்தக் காற்றின் குணம் அப்படி. நம் கேபினெட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் பற்களை மேலிருந்து கீழாகத் துடையுங்கள். சிலர் அழிப்பான் வைத்துத் தேய்க்கிறார்கள். பென்சில் அழிப்பானால் ஒருமுறை மென்மையாகத் தேய்த்தால் பெரிய பாதகமில்லை. பேனா மையை அழிக்கும் சொரசொரப்பான முனை தங்கத்தையே சுரண்டிவிடும். உப்புத்தாள் என்ற பேச்சே வேண்டாம். துளைக்குள் கான்டாக்ட் கிளீனரை அடித்து, காய்ந்ததும் கார்டை இரண்டு மூன்று முறை செருகி எடுத்தால் தொடுமுனைகள் தம்மைத் தாமே தேய்த்துக்கொள்ளும். கிளிப் டக்கென்று மூடும் சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். அந்த ஏர்வாடிக் கணினி இதற்கே எக்ஸ்16-க்குத் திரும்பியது. பின்வாசலிலிருந்து மாற்றச் சொன்னேன். மாற்றினார்களா என்பது அடுத்த தடைக்காலத்தில் தெரியும்.

டிரைவர் புதுப்பித்த அன்றும், விளையாட்டு புது பதிப்பு பெற்ற அன்றும் சற்று நேரம் திக்குவது வேறு. ஷேடர்கள் (ஒளி, நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்கள்) மறுபடி தொகுக்கப்படுகின்றன. இரண்டு நாள் கழித்தும் நிற்கவில்லை என்றால் மட்டும் டி.டி.யு. என்ற மென்பொருளைக் கொண்டு பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

அறிகுறி: சாயங்காலம் ஆனால் மெதுவாகிறது

"லோ வோல்டேஜ், அண்ணே" என்பார்கள். வோல்டேஜ் குறைந்தால் பிரேம் குறையாது. எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), உள்ளே வருவது 230 ஆனாலும் 190 ஆனாலும், தன்னால் முடிந்தவரை கார்டுக்கு 12 வோல்ட்டையே கொடுக்கும், முடியாவிட்டால் அணைந்துவிடும். நடுவில் ஒரு நிலை இல்லை. பிறகு ஏன் மெதுவாகிறது? தலைக்கு மேலே பாருங்கள். வோல்டேஜ் குறைந்ததும் மின்விசிறி சோர்ந்து சுற்றும், ஏ.சி. குளிர்விக்காது, பகல் முழுக்கக் காய்ந்த மொட்டை மாடி அறைக்குள் சூட்டை இறக்கும். அறை சூடானால் கார்டு சூடாகும். அறை வெப்பநிலையை எழுதி வைக்கச் சொன்னது இதற்குத்தான். மருந்து, முதல் அறிகுறியில் சொன்னதே.

அறிகுறி: பெஞ்ச்மார்க் நடுவில் கணினி அணைந்து எழுகிறது, அல்லது திரை கருத்து ஃபேன் மட்டும் அலறுகிறது

கரன்ட் போன கணத்தில் மட்டும் நடந்தால் இன்வெர்ட்டரைப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். மின்சாரம் இல்லாமல் தாக்குப்பிடிக்கும் நேரம், முழுச் சுமையில், சுமார் 16 மில்லி நொடி. வீட்டு இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ். மோடு, சாதாரண மோடு என்று ஒரு சுவிட்ச் பின்பக்கம் இருக்கும். சாதாரண மோடில் பேட்டரிக்கு மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுக்கும். டெஸ்க்டாப்பில் வலைப்பக்கம் பார்க்கும்போது தாங்கும் கணினி, கார்டு முழு மூச்சில் ஓடும்போது தாங்காது. சைன் அலை தராத மலிவு யு.பி.எஸ்.களோடு ஆக்டிவ் பி.எஃப்.சி. (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்.எம்.பி.எஸ்.கள் ஒத்துப்போகாமல் அணைவதும் உண்டு.

கரன்ட் இருக்கும்போதே நடந்தால் எஸ்.எம்.பி.எஸ். மேல் சந்தேகம். மதர்போர்டு துளை 75 வாட்டும், 8 பின் இணைப்பு 150 வாட்டும் தரவல்லவை. ஆர்.டி.எக்ஸ். 3060-க்கு 170 வாட். கணக்கில் சரிதான், ஆனால் கார்டுகள் கண நேரத்தில் அதற்கு மேலும் துள்ளும். பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி ஓட்டிப் பாருங்கள். அணையாமல் ஓடினால் குற்றவாளி எஸ்.எம்.பி.எஸ். அல்லது கேபிள். 8 பின் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு துளையின் ஓரம் பழுப்பேறியிருந்தாலோ, உள்முனையில் களிம்பு இருந்தாலோ கேபிளை மாற்றுங்கள். சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி போடாதீர்கள். அங்கே தீப்பிடிக்க இடமுண்டு.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டி மின்தேக்கிகள், எர்த் கிடைக்காதபோது பெட்டியில் ஏறத்தாழ பாதி மின்னழுத்தத்தை நிறுத்தும். காய்ந்த மணலில் இறக்கிய எர்த் கம்பிகள் இங்கே பெயருக்குத்தான் இருக்கின்றன. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்; அதுவரை கார்டைத் தொடாதீர்கள்.

அறிகுறி: வண்ணக் கட்டங்கள், கோடுகள், மின்னும் புள்ளிகள்

விளையாட்டில் மட்டும் தெரிந்தால் ஓவர்கிளாக்கை (கூட்டி வைத்த வேகத்தை) எடுத்துவிட்டு, டிரைவரை மாற்றிப் பாருங்கள். கணினி எழும்போது, பயாஸ் திரையிலேயே தெரிந்தால், கேபிளையும் மானிட்டரையும் மாற்றிப் பார்த்துவிட்டு, கார்டை வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அப்படியே என்றால், இப்போது சொல்லலாம்: கார்டு போய்விட்டது. நினைவகச் சில்லாகவே இருக்கும். சில்லு மாற்றும் வேலை என்னிடம் இல்லை. அடுப்பில் வைத்துச் சுட்டால் சரியாகும் என்று இணையத்தில் சொல்வதைக் கேட்டு யாரும் அம்மாவின் ஓவனைக் கெடுக்க வேண்டாம். சரியானாலும் சில வாரம்தான்.

கடைக்குக் கொண்டுவருவதானால் முழுக் கணினியாகக் கொண்டுவாருங்கள். நோட்டில் எழுதிய கணக்கையும் எடுத்துவாருங்கள். கார்டை மட்டும் கழற்றி எடுத்துவந்தால் அது வந்த ஆன்டிஸ்டாட்டிக் உறையில் போடுங்கள். உறை இல்லையென்றால் அட்டைப்பெட்டியில், காகிதம் சுற்றி. இரண்டு வருடத்துக்கு முன் பாம்பனிலிருந்து ஒருவர், குலுங்காமல் இருக்கட்டும் என்று தெர்மாகோல் மீன்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். பெட்டியைக் கழுவித்தான் இருந்தார். ஆனால் காலையில்தான் அதில் ஐஸ் இருந்திருக்கிறது. உள்ளே குளிர்ந்த கார்டு, வெளியே சித்திரை மாதத்துக் கடற்காற்று. நான் மூடியைத் திறந்து மேசையில் வைத்த இரண்டாவது நிமிடம் கார்டு முழுக்க வியர்த்துவிட்டது. மூன்று நாள் உலரவைத்துப் போட்டேன், ஓடியது. இன்றைக்கும் அந்தக் கார்டு சூடேறினால் சீலா மீன் வாசம் வரும்.